பத்துக்குப் பத்துப் பொருத்தம்

நம் வீடுகளில் பத்துப் பொருத்தம் என்றால் கல்யாணப் பேச்சு என்று அர்த்தம். தினம், கணம், ரஜ்ஜு, வேதை என்று ஜோசியர் விரல்விட்டு எண்ணுவார். பத்தில் ஏழு வந்தால் போதும், மீதியைப் பரிகாரத்தில் சரிக்கட்டிவிடலாம் என்று சொல்லி அனுப்புவார்.

இன்று நான் எழுதப்போவது வேறொரு பத்துப் பொருத்தம். ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு இன்னொருவருடைய ஸ்டெம் செல்லைக் கொடுத்துக் காப்பாற்ற மருத்துவர்கள் பார்க்கும் பொருத்தம். அதற்கும் பத்துதான் கணக்கு. அதைப் பற்றி நம் வயதுக்காரர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்தக் கட்டுரை. கோரிக்கைக்கு வருமுன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் டாக்டர் இல்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்தக் கதையின் முதல் அத்தியாயங்களை அந்த மொழியிலேயே படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர். பெயர் ழான் தோசே. (நம் காதில் தோசை என்றுதான் விழும். என் பேத்திக்கு அந்தப் பெயர் மறக்கவே மறக்காது.)

ஆனால் இதன் வேர் அதற்கும் முன்னால், தீக்காயத்தில் இருக்கிறது. 1940-இல், இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அருகே ஒரு போர் விமானம் விழுந்தது. உடலெல்லாம் வெந்துபோன விமானிக்கு என்ன செய்யலாம் என்று பீட்டர் மெடவார் என்ற இளம் விஞ்ஞானியைக் கேட்டார்கள். அடுத்தவர் தோலை எடுத்து ஒட்டினால் ஏன் சில நாளில் உதிர்ந்துவிடுகிறது என்று அவர் ஆராயத் தொடங்கினார். இரண்டாம் முறை அதே ஆளின் தோலை ஒட்டினால் இன்னும் சீக்கிரமாக உதிர்ந்தது. உடம்பு தனக்குச் சொந்தமில்லாததை அடையாளம் கண்டு விரட்டுகிறது, விரட்டியதை நினைவிலும் வைத்துக்கொள்கிறது என்று அவர் காட்டினார். 1960-இல் நோபல் பரிசு பெற்றார்.

இதை நம் பக்கத்து ஆட்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் தீக்காய வார்டைப் பார்க்காத குடும்பம் குறைவு. சொந்தத் தொடையிலிருந்து தோலை எடுத்துக் கையில் வைப்பார்கள். பெற்ற தாயே கொடுத்தாலும் அவள் தோல் நிலைக்காது. அந்தக் காரணத்தைத் தேடிப் போனதில்தான் ரத்தப் புற்றுநோய்க்கும் வழி பிறந்தது.

தோசே பாரிஸில் ரத்தம் ஏற்றும் துறையில் இருந்த மருத்துவர். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் ரத்தத்தில், மற்றவர்களின் வெள்ளை அணுக்களைத் திரளவைக்கும் ஏதோ ஒன்று இருப்பதைக் கவனித்தார். சிவப்பு அணுவுக்கு ஏ, பி, ஓ என்று பிரிவு இருப்பதுபோல வெள்ளை அணுவுக்கும் பிரிவு இருக்கிறது என்று 1958-இல் எழுதினார். முதலில் கண்ட பிரிவுக்கு ‘மாக்’ என்று பெயர் வைத்தார். ஆராய்ச்சிக்கு ரத்தம் தந்து உதவிய மூவருடைய பெயர்களின் முதலெழுத்துகள் அவை. பெயர் வைப்பதிலும் கொடுத்தவர்களை மறக்கவில்லை அந்த மனிதர். 1980-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பிரிவுகளைத்தான் இன்று எச்.எல்.ஏ. என்கிறார்கள்.

எச்.எல்.ஏ. என்றால் என்ன? பட்டாசு ஆலை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் காவலாளி நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, தீப்பெட்டி இருக்கிறதா, செல்போன் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் விடுவார். நம் உடம்பில் ஏறக்குறைய ஒவ்வோர் அணுவும் அப்படி ஓர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் எச்.எல்.ஏ. காவலாளிகள் யார் என்றால், டி செல் எனப்படும் வெள்ளை அணுக்கள். அட்டை நம்முடையது இல்லை என்றால் அடித்து நொறுக்கிவிடுவார்கள்.

புற்றுநோய் அணுவின் தந்திரம் இங்கேதான். அது வெளியாள் இல்லை, நம் அட்டையோடே திரிகிற உள்ளாள். நெடுநாள் பழகிய காவலாளி ‘நம்ம பையன்தானே’ என்று விட்டுவிடுகிறார். அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், கடும் மருந்தால் (சில சமயம் கதிர்வீச்சும் சேர்த்து) நோயாளியின் கெட்டுப்போன எலும்பு மஜ்ஜையை அடியோடு காலி செய்துவிட்டு, ஆரோக்கியமான ஒருவரின் ஸ்டெம் செல்லை ரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றுகிறார்கள். அது தானாகவே எலும்புக்குள் போய்க் குடியேறிப் புது ரத்தத்தை உண்டாக்குகிறது. கூடவே புதுக் காவலாளிகளும் வருகிறார்கள். அவர்களுக்குப் பழைய பழக்கம் கிடையாது. ஒளிந்திருக்கும் புற்றுநோய் அணுவைத் தேடிப் பிடித்து ஒழிக்கிறார்கள். இந்த வைத்தியத்தின் பாதி பலம் அந்தப் புதுக் காவலாளிகளிடம்தான் இருக்கிறது.

ஆனால் அட்டைகள் மிகவும் வேறுபட்டால் அதே காவலாளிகள் வீட்டுக்காரர்களையே தாக்குவார்கள். தோல், குடல், கல்லீரல் எல்லாம் பாதிக்கும், உயிரே போகலாம். அதற்குத்தான் பொருத்தம் பார்ப்பது. ஏ, பி, சி, டி.ஆர்., டி.க்யூ. என்று ஐந்து இடங்கள். ஒவ்வொன்றிலும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. மொத்தம் பத்து. பத்துக்குப் பத்து அமைந்தால் உத்தமம். நட்சத்திரம் பார்க்க வேண்டாம், ரத்தப் பிரிவுகூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓ பிரிவுக்காரர் ஏ பிரிவுக்காரருக்குக் கொடுத்தால், வாங்கியவர் ரத்தம் நாளடைவில் ஓ பிரிவாகவே மாறிவிடும்!

இப்போது எழுத்தர் கணக்குக்கு வருகிறேன். கூடப் பிறந்த ஒருவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அதாவது 25 சதவீதம். உடன்பிறந்தவர் இருவர் என்றால் 44 சதவீதம். ஏழு பேர் என்றால் 87 சதவீதம் பக்கம் போய்விடும். நம் காலத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் சாதாரணம். அப்போது இந்த வைத்தியம்தான் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-லும், வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும்தான் நம் நாட்டில் இது தொடங்கியது. வைத்தியம் வந்தபோது ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ வந்துவிட்டது. இன்று ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஒற்றைப் பிள்ளைக்கு நோய் வந்தால் கூடப் பிறந்த வாய்ப்பு பூஜ்யம். வெளியாளைத்தான் தேட வேண்டும்.

வெளியாளை எங்கே தேடுவது? அதற்கு ஒரு பதிவேடு வேண்டும். நாற்பது வருஷம் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், பதிவேட்டில் இல்லாத ஆள் உலகத்தில் இல்லாத ஆள் மாதிரிதான். லண்டனில் ஆண்டனி நோலன் என்ற சிறுவனுக்காக அவன் தாய் ஷெர்லி 1974-இல் முதல் பதிவேட்டைத் தொடங்கினார். அவனுக்குக் கடைசிவரை ஆள் கிடைக்கவில்லை, 1979-இல் இறந்துபோனான். பதிவேடு மட்டும் நின்றது, எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. பிரான்சில் தோசே முன்னின்று 1986-இல் ஒன்று தொடங்கினார்கள். நம் சென்னையில் 2009-இல் ‘தாத்ரி’ தொடங்கியது. உலகம் முழுவதும் சேர்த்து இன்று நாலு கோடிப் பேருக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். எட்டுக் கோடி ஜனத்தொகை உள்ள ஜெர்மனியில் மட்டும் அது ஒரு கோடியை ஒட்டி நிற்கிறது. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நம் நாட்டில் இன்னும் லட்சக் கணக்கில்தான் இருக்கிறோம்.

‘அதுதான் நாலு கோடி இருக்கிறதே, அதில் தேடிக்கொள்ளலாமே’ என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கடம். இந்த அடையாள அட்டை வம்சாவளியாக வருவது. ஜெர்மன்காரருக்கு ஜெர்மன்காரர் பொருந்த வாய்ப்பு அதிகம். சாத்தூர்க்காரருக்கு அவர் பொருந்துவது அபூர்வம். நாமோ தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள், சமூகத்துக்குள், சுற்றுவட்டாரத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அது சரியா தப்பா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், நம் ஊர்ப் பிள்ளை ஒன்றுக்குப் பொருந்தும் ஆள் பெரும்பாலும் நம் தெருக்களிலேயே, நம் உறவின்முறை மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குள்ளேயே இருப்பார். பெர்லினில் இருக்க மாட்டார். நாம் பதியாவிட்டால் நம் பிள்ளைக்கு ஆள் இல்லை.

சரி, பதிவதும் கொடுப்பதும் எப்படி? பதிவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். 18 முதல் 50 வயது வரை உள்ள ஆரோக்கியமானவர்கள் பதியலாம். பதிந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் என்றாவது அழைப்பு வரும். வந்தால், ஐந்து நாள் ஓர் ஊசி போடுவார்கள். அந்த நாட்களில் உடம்பு வலி, தலைவலி இருக்கும். காய்ச்சல் வந்த மாதிரி அசதியாக இருக்கும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதி ரத்தத்தை மறு கை வழியே திருப்பி ஏற்றுவார்கள். சில மணி நேர வேலை. எலும்பை அறுப்பதில்லை, முதுகுத்தண்டில் கை வைப்பதில்லை. எடுத்த செல்களை உடம்பு சில வாரங்களில் ஈடுகட்டிவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பிள்ளை பிறப்பதில் இதனால் எந்தக் குறையும் வராது.

இதைப் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம் ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பையன், கல்லூரியில் படிக்கும்போது ஒரு முகாமில் பதிந்திருந்தான். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் அழைப்பு வந்தது. யாரோ ஒரு நோயாளிக்கு நீங்கள் பொருந்துவதுபோல் தெரிகிறது, மறு பரிசோதனைக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பையன் தயாராக இருந்தான். வீட்டில் தாத்தாவும் அப்பத்தாவும் பிடித்துக்கொண்டார்கள். என்னையும் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார் பெரியவர்.

“அண்ணாச்சி, நீங்க பாண்டிச்சேரியில படிச்சவுக. நீங்களே சொல்லுங்க, கல்யாணம் ஆகாத பயலோட எலும்பைச் சொரண்டி எவனுக்கோ குடுக்கணுமா?”

எலும்பைச் சுரண்டுவதில்லை என்று சொன்னேன். மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “நீங்க சொல்றது சரிதான். ஆனா நம்ம வீட்டுப் பய வேண்டாம்” என்று முடித்தார். அப்பத்தா அதுவரை அழுது முடித்திருக்கவில்லை. பையன் போகவில்லை.

அந்த நோயாளி யார் என்று யாருக்கும் தெரியாது. கொடுப்பவர் பெயரையும் வாங்குபவர் பெயரையும் ஆரம்பத்தில் ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. வேறு ஆள் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஆலை வெடித்தபோது, ரத்தம் வேண்டும் என்று கேட்டதும் மகன்களை அனுப்பி வைத்த மனிதர் அவர். கண்ணுக்குத் தெரிந்த துன்பத்துக்கு ஓடுகிற கை, பெயர் தெரியாத துன்பத்துக்கு நீள மறுக்கிறது. இதுதான் நம் தலைமுறையின் முடிச்சு.

இங்கே இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்று சிகிச்சைக்கு முன் நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் காலி செய்கிறார்கள் என்றேன் அல்லவா? அதற்குப் பிறகு கொடுப்பவர் பின்வாங்கினால் நோயாளிக்குத் திரும்பிப் போக வழியில்லை. மணமேடை வரை வந்து எழுந்து போவதைவிடக் கொடுமை அது. எனவே ‘வேண்டாம்’ என்று சொல்வதானால் பதியும் முன்பே சொல்லிவிடலாம். அதில் பாவமில்லை. பதிந்தபின் வீட்டுப் பெரியவர்கள் கண்ணீர் விட்டுத் தடுப்பதுதான் அநியாயம்.

‘இப்போது பாதிப் பொருத்தம் இருந்தாலே போதும் என்கிறார்களே’ என்று விவரம் தெரிந்த வாசகர் யாராவது கேட்கலாம். உண்மைதான். பெற்றோர் எப்போதும் பிள்ளைக்குப் பாதி பொருந்துவார்கள். செல்லை ஏற்றிய பிறகு மூன்றாம், நான்காம் நாளில் ஒரு மருந்தைக் கொடுத்து, முரட்டுக் காவலாளிகளை மட்டும் அடக்கும் முறையை அமெரிக்காவில் பால்டிமோர் மருத்துவர்கள் வகுத்தார்கள். நம் நாட்டிலும் அது நடக்கிறது. இன்னொரு புது வழியும் வந்திருக்கிறது. நோயாளியின் சொந்த டி செல்லையே வெளியே எடுத்து, குற்றவாளியின் படத்தைக் காட்டிப் பழக்குவதுபோல மாற்றியமைத்து, திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்தச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு தொடங்கி வைத்தார். அமெரிக்காவில் மூன்று, நான்கு கோடி ஆகும் வைத்தியம் இங்கே ஏறத்தாழ 40 லட்சம். நம் விஞ்ஞானிகளை நினைத்துப் பெருமைப்படலாம். ஆனால் தீப்பெட்டி ஆபீசில் கூலி வாங்கும் குடும்பத்துக்கு 40 லட்சமும் நாலு கோடியும் ஒன்றுதான். தவிர, அது எல்லா வகை ரத்தப் புற்றுநோய்க்கும் ஆகாது. பெற்றோருக்கு வயதாகியிருந்தாலோ உடம்பு சரியில்லாமல் போனாலோ பாதிப் பொருத்தமும் கைகொடுக்காது. புது வழிகள் வரட்டும். பழைய வழியை அடைத்துவிடக் கூடாது.

இனி என் கோரிக்கை. நமக்கு எழுபது தாண்டிவிட்டது. நம் செல்லை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்பது நம் சம்மதத்தை. பேரன் பேத்திகளிடம் நாமே பேச்சை எடுக்கலாம். ‘பதிந்துகொள், அழைப்பு வந்தால் போய்வா, உன் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் நான் சொல்லிக்கொள்கிறேன்’ என்று ஒரு வார்த்தை. பத்துப் பேர் அந்த வார்த்தையைச் சொன்னால் போதும், ஊருக்குள் பயம் தெளிந்துவிடும்.

அடுத்தது காசு. ஒருவரைப் பதிவேட்டில் சேர்க்கும் பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. பதிவேடுகள் மெல்ல வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த ஊரில் இதற்கு வழி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, அதை விற்றுப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. அந்தச் க்ஷத்ரிய வித்யாசாலாவில் படித்த பையன்தான் பின்னால் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளி திறந்த காமராஜர். அரிசி கொடுத்த பெண்கள் எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டுக் கொடுக்கவில்லை. உறவின்முறைகளும், ஆலை அதிபர்களும், கல்லூரிகளும் நினைத்தால் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு ஆயிரம் பேரைப் பதியலாம். ஆனால் முன்னதாக வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்ல வேண்டும். வெறும் எண்ணிக்கைக்காகச் சேர்த்தால் அழைப்பு வரும் அன்று பாதிப் பேர் போனை எடுக்க மாட்டார்கள்.

தோசே கண்டுபிடித்த அதே 1958-இல், அதே பாரிஸுக்கு, யூகோஸ்லாவியாவில் அணு உலை விபத்தில் சிக்கிய ஆறு பேரைக் கொண்டுவந்தார்கள். ஜோர்ஜ் மத்தே என்ற மருத்துவர், அவர்களில் ஐந்து பேருக்குப் பிரெஞ்சுக்காரர்களின் மஜ்ஜையை எடுத்து ஏற்றினார். அந்தக் காலத்தில் எலும்பில் ஊசியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். மயக்க மருந்தும் உண்டு. முன்னால் அதிகம் செய்து பார்த்ததில்லை, தனக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது. மொழி தெரியாத அந்நியர்களுக்காகப் போய்ப் படுத்தார்கள். ஆறு பேரில் ஒருவர் தவிர மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள்.

பிரெஞ்சில் கொடைக்கு ‘தோன்’ என்று பெயர். நம் ‘தானம்’ என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பார்கள் மொழி அறிஞர்கள். மஜ்ஜை கொடுக்கப் பதிந்தவர்களை அங்கே ‘வேயர் து வீ’ என்று அழைக்கிறார்கள். ஓர் உயிருக்காகக் கண்விழித்துக் காவலிருப்பவர் என்று அர்த்தம். ராத்திரி நேரத்தில் ஆலைக்குக் காவலிருப்பவர்களை நமக்குத் தெரியும். அவர்களைப் போல நம் வீட்டுப் பிள்ளையும் யாரோ ஒருவருக்குக் காவலிருக்கட்டும். வாசலை நாம் மறிக்காமல் இருந்தால் போதும்.